வீடு தந்தீர்கள், ஊர் எங்கே?

“அவங்களுக்குத்தான் கவர்மெண்டே வீடு கட்டிக் குடுக்குதே, இன்னும் என்னங்க வேணும்?”

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். கேட்பவர் கொடியவர் அல்ல. ஒழுங்காக வரி கட்டுகிறவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர். ஏழைக்கு நாலு சுவரும் ஒரு கூரையும் கிடைத்துவிட்டால் அவனுடைய கணக்கு தீர்ந்தது என்று மனதார நம்புகிறவர். அவரிடம் திருப்பி ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய், ரோடு இல்லாத, குழாய் இல்லாத, பஸ் வராத, ஆஸ்பத்திரி எட்டாத ஒரு மேட்டில் வைத்தால் அதில் குடியிருப்பீர்களா? ஒரு மாதம்? ஒரு ராத்திரி? மாட்டீர்கள். அப்படியானால் உங்களுக்கு வீடு என்றால் ஒன்று, அவர்களுக்கு வீடு என்றால் வேறொன்று. இந்த இரட்டைக் கணக்கு எந்த நியாயத்தில் வந்தது?

பென்னாகரத்தை அடுத்துள்ள மலைக் கிராமங்களையே எடுத்துக்கொள்வோம். கோட்டூர் மலை, ஏரிமலை, அலக்கட்டு. தேர்தல் நேரத்தில் மட்டும் தமிழ்நாடு முழுக்கத் தெரிகிற பெயர்கள் இவை. சாலை இல்லாததால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் கட்டி, அதிகாரிகளும் போலீசாரும் கூடவே மலையேறுகிற படம் நாளிதழ்களில் வரும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் வந்தது. பார்த்தோம். ஜனநாயகம் எவ்வளவு தூரம் போகிறது பார் என்று பெருமைப்பட்டோம். கழுதைகள் மலையை விட்டு இறங்கிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் யோசித்தோம்?

வாக்குச்சாவடிக்கு ஒரு விதி உண்டு. எந்த வாக்காளரும் ஓட்டுப் போட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. நல்ல விதி. அதனால்தான் சில நூறு ஓட்டுக்காகக் கழுதை ஏறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் விதி உண்டு: சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் என்றால் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று. கவனித்தீர்களா? ஓட்டு வாங்க வேண்டியிருந்தால் தூரத்தை அளக்கிறோம். மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் தலையை எண்ணுகிறோம். மலையில் தலைகள் குறைவு. ஆகவே டாக்டர் கீழேயே இருந்துவிடுகிறார். கெட்ட எண்ணத்தோடு யாரும் இந்த விதிகளை எழுதவில்லைதான். ஆனால் விரலில் மை வைப்பதற்கு எந்த மலையும் ஏறுகிற அரசு, அதே விரலைப் பாம்பு கடித்தால் ஏறி வராது என்றால், அந்த விரலுக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பு என்ன?

பாம்பு என்றது பேச்சுக்காக அல்ல. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிற்று. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தோடு நின்றுவிட, தாய் தன் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அந்தப் படமும் வந்தது. அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் அங்கே சாலை போடுவதைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குடும்பத்துக்கும் வீடு என்று ஒன்று இருந்தது. கூரையும் இருந்தது.

இந்த இடத்தில் சிலர் பெருமூச்சு விடுவார்கள். “என்ன பண்றது, அவங்க தலையெழுத்து.” இந்தப் பெருமூச்சைப் போல அரசாங்கத்துக்கு லாபமானது வேறு இல்லை. தலையில் எழுதியதைத் திருத்தச் சொல்லித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க முடியாதே! உண்மையில் இதை எழுதியது யார்? எந்த மலைக்குச் சாலை, எந்த மலைக்கு இல்லை என்பது ஏதோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும் என்று ஒரு குறிப்பு. இந்த ஆண்டு நிதி இல்லை என்று இன்னொரு குறிப்பு. கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. மனிதன் எழுதியதை மனிதன் அடித்துத் திருத்தலாம். பிரம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் பேனாவை எடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

வீடே கட்டித் தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாடு கட்டியிருக்கிறது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. மாநிலம் முழுக்கக் குடிசைகளை எண்ணினார்கள். சுமார் 21 லட்சம் தேறியது. ஆறு ஆண்டுகளில் அத்தனையும் கான்கிரீட் வீடாகும் என்றார்கள். (அதே ஆண்டு மார்ச்சில்தான் பென்னாகரம் இடைத்தேர்தல். அமைச்சர்கள் இங்கேயே முகாமிட்டிருந்தார்கள். இந்த ஊர் அவ்வளவு வெள்ளை வேட்டிகளை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்பார்கள்.) 2011-இல் ஆட்சி மாறியது, திட்டமும் மாறியது. சூரிய ஒளிப் பசுமை வீடு: 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2016-இல் பிரதமர் வீடு வழங்கும் திட்டம்: சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கு 1.30 லட்சம்; கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தன் பங்குக்குத் தனியே பணம் போட்டது. 2024-இல் கலைஞர் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.50 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். ஆட்சிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பலகை.

பதின்மூன்று ஆண்டுகளில் ஏழையின் வீடு 300 சதுர அடியிலிருந்து 360-ஆக வளர்ந்திருக்கிறது. அந்த வீட்டைச் சுற்றி என்ன வளர்ந்தது? எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் கிடையாது. எத்தனை வீடு அனுமதி, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை என்று மூன்று கட்டங்கள்தான்.

ரோட்டோரத்தில் வீடு கட்டுகிறவருக்கு எம்-சாண்ட் லாரி வாசலில் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. ஜல்லி, செங்கல், கம்பி எல்லாம் அப்படியே. மலைமேல் கட்டுகிறவருக்கு லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையும் தலையிலோ கழுதையிலோ ஏற வேண்டும். ஏற்றுக்கூலி யார் கணக்கு? பணமோ தவணையில் வருகிறது. அடித்தளம் முடிந்தால் ஒன்று, ஜன்னல் மட்டம் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, பூச்சு முடிந்தால் கடைசி. ஒவ்வொரு மட்டத்திலும் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் அடுத்தது. அடித்தளத்துக்கே வட்டிக்கு வாங்கியவர் ஜன்னல் மட்டத்தில் வந்து நின்றுவிடுவார். செடி முளைத்த அந்த அரைச் சுவரைப் பார்த்து, “காசைக் குடிச்சே தீர்த்துட்டான்” என்று ஊர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடும். ஒன்றிய அரசின் கணக்கில் சமவெளிக்கும் மலைக்கும் வித்தியாசம் 10,000 ரூபாய். ஒரு மலையின் விலை பத்தாயிரம் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?

இதற்கெல்லாம் முன்னால் மனை வேண்டும். பட்டா என்ற காகிதம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டிருக்க மாட்டார். அளந்து கொடுத்த இடமும் எப்படிப்பட்டது? ஓடைக்கரை, பாறை மேடு, சுடுகாட்டை ஒட்டிய தரிசு. வேறு எதற்கும் ஆகாத நிலம் எதுவோ அது ஏழைக்கு ஆகும் என்பது எழுதப்படாத சட்டம். நாம் வீடு கட்டும்போது வாஸ்துக்காரரை அழைத்து ஈசானிய மூலை எது, அடுப்படி எந்தப் பக்கம் என்று ஒரு நாள் முழுக்கக் கேட்கிறோம். புறம்போக்கில் குடியிருப்பவனுக்கு மட்டும் எல்லா மூலையும் நல்ல மூலையா?

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் பிராந்திய அளவில் திட்டமிட வேண்டும். அப்படித் திட்டமிடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீடு எங்கே, வேலை எங்கே, பள்ளி எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, தண்ணீர் எங்கிருந்து, பஸ் எந்த வழியாக என்பதை ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வது. இப்போது நடப்பது என்ன? வீடு ஊரக வளர்ச்சித் துறை. பட்டா வருவாய்த் துறை. மனை வாங்கித் தருவது ஆதிதிராவிடர் நலத் துறை. அங்கன்வாடி சமூக நலம். குடிநீர் வடிகால் வாரியம் தனி. காட்டு வழி என்றால் வனத்துறை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்துவிட்டு, மீதி எங்கள் கையில் இல்லை என்பார்கள். எல்லோர் கையும் சுத்தம். நடுவில் ஒரு குடும்பம் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும்.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பென்னாகரம் தாலுகாவிலேயே சாட்சி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டிய கிணறுகளை நம்பி இங்கே தலைமுறைகள் வாழ்ந்தன. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு. பெரியவர்களுக்கு மூட்டு மடங்காது, முதுகு நிமிராது. அதையும் சாபம், பரம்பரை தோஷம் என்று நம்பிக் கோயிலுக்கு முடி காணிக்கை கொடுத்தவர்கள் உண்டு. காணிக்கையில் ஃபுளோரைடு குறைந்ததா? குறைத்தது ஒரு திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் குழாயில் ஏற்றி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். ஃபுளோரைடு ஊராட்சி எல்லையைப் பார்த்து நிற்காது. ஆகவே திட்டமும் எல்லை பார்க்கவில்லை. இரண்டு மாவட்டங்களையும் ஒரே வரைபடமாக விரித்துவைத்துப் போட்ட திட்டம் அது. கடைக்கோடிக் குழாயில் இன்றும் குறை இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கு இரண்டு மாவட்டத்தை ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, குடியிருப்புக்கு மட்டும் ஒரு தாலுகாவை முழுதாகப் பார்க்கத் தெரியாதா?

அதே காவிரி இன்னொரு சாட்சியும் சொல்கிறது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை டெல்டாவின் பாசனத்துக்கான பெரும் திட்டம். அணை நீர் இந்தப் பக்கம் நாகமரை வரை தேங்கி நிற்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் எதிர்க்கரை பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலை காட்டும், கிறித்தவக் கோபுரம் தெரியும். குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். நந்தி வெளியே வந்தால் செய்தி. அந்தக் கோயிலைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால்? கல்லுக்கு இருக்கும் நினைவு நமக்கு ஏன் மனிதர்மேல் இல்லை?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே பிராந்தியத் திட்டத்துக்கு வழி இருக்கிறது. 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டந்தோறும் ஒரு திட்டக் குழு அமைக்கச் சொல்லிற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்துப் பார்த்து, நிலம், தண்ணீர், கட்டமைப்பு மூன்றையும் ஒரே திட்டமாக எழுதுவது அதன் வேலை. உங்கள் மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எழுதிய திட்டத்தில் ஒரு பக்கமாவது பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒரு குழு இருப்பதாவது தெரியுமா? அந்தக் குழுவில் உட்கார வேண்டிய உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் கதையைக் கேளுங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில். அதில் வென்றவர்களின் காலம் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. சட்டமன்றம் இப்படி ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் சும்மா இருப்போமா? ஊராட்சி கிடந்தால் ஏன் உறைக்கவில்லை? நாம் போகாத ஆபீஸ் அது, அதனால்தான்.

இப்போது இதற்கு மனிதர்கள் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். இங்கே மானாவாரி நிலம். மழை ஏமாற்றினால் வேலை இல்லை. பென்னாகரத்தில் இருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சென்டரிங், கொத்து, சித்தாள். பத்து மாடி கட்டுகிறவர்கள் அதே சைட்டில் தகர ஷெட்டில் படுக்கிறார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் இலவசமாகத் தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. தகரம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் போலும். ஊரில் மிச்சம் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளைகளும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்பதாலா?

அப்பாவும் அம்மாவும் பெங்களூரில். பதினைந்து வயதுப் பெண் ஊரில். வீட்டுக்கு ஒழுங்கான கதவு இல்லை. இருக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கழிப்பறை இல்லை, இருட்டியபின் காட்டுப்பக்கம் போக வேண்டும். என்ன செய்வார்கள் பெற்றோர்? “பாட்டிய நம்பி எத்தன நாளைக்குங்க விட்டுட்டுப் போறது? ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி.” குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் வந்துவிட்டது. மண்டபத்துக்கு வந்து தாலியைத் தடுக்கிற அதிகாரியை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணை அதே தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்குத்தானே திருப்பி அனுப்புகிறோம்? ஒரு விடுதி, ஒரு பகல்நேரக் காப்பகம், பள்ளிக்கு ஒரு பஸ், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்: இவை வீட்டுத் திட்டத்தில் சேருமா சேராதா? சேராது என்கிறது நம் நிர்வாகம். வேறு துறை என்கிறது. இதே மண்ணில்தான் பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் வைத்தோம். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. பிறந்த பெண்ணுக்குத் தொட்டில் வைத்த சமூகம், வளர்ந்த பெண்ணுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டது.

சரி, இதுவரை அரசைத் திட்டியாயிற்று, சுலபமான வேலை. இனி நம்மைப் பற்றிப் பேசலாமா?

வாடகைக்கு வீடு தேடிப் போங்கள். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னாலோ பின்னாலோ அந்தக் கேள்வி வந்துவிடும்: “தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? மனை விற்கிறவரைக் கேளுங்கள். தண்ணீர் வசதியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் விசாரிக்கிறார்களாம். அரசு ஊருக்குள் நிலம் எடுத்து ஆதிதிராவிடர்களுக்கு மனை கொடுக்கட்டும், பார்ப்போம். மனு பறக்கும், ஸ்டே வாங்குவார்கள், மறியல் நடக்கும். ஓடைக்கரையில் கொடுத்தால் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். ஆக, ஓடைக்கரையைத் தேர்ந்தெடுத்தது தாசில்தார் மட்டும்தானா?

இந்த ஏற்பாட்டின் விலையைத் தருமபுரி மாவட்டம் பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 7. சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். குடிசைகள் மட்டும் அல்ல; பெங்களூருக்குப் போய் உழைத்துச் சம்பாதித்துக் கட்டிய நல்ல வீடுகளும் எரிந்தன. எந்த வீட்டைக் கொளுத்துவது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்று நாமே வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தோம். கலந்து குடியிருந்தால் தீ வைக்கிறவன் கொஞ்சமாவது யோசிக்க வேண்டியிருக்கும். தன் மாமன் வீடும் பக்கத்தில் இருக்குமே!

கலந்து குடியிருப்பது கனவும் அல்ல. 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீடு: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. சுடுகாடும் பொது. பிறகு மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் கட்டினார்கள். குறை ஆயிரம் சொல்லலாம். இடையில் ஆட்சி மாறிப் பராமரிப்பின்றிக் கிடந்ததும் உண்மை. எனக்கு ஒரு குறைதான் பெரிதாகத் தெரிகிறது. சமத்துவத்துக்கென்று தனியாக ஒரு புரம் கட்டினோம்; ஏற்கெனவே இருக்கிற ஊரைத் தொடவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்று ஒரு சிற்றூர். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களில் சில, பழைய கோழிக் கொட்டகைகளில் குடியிருந்தன. அவர்களுக்காக 36 வீடுகள் கட்ட 1960-களின் கடைசியில் அனுமதி கேட்டார்கள். ஊர் மறுத்தது. பெரிய மனை, பெரிய வீடு மட்டுமே கட்டலாம் என்று விதி வைத்திருந்தார்கள்; சாதி கேட்காமலே சாதி பார்க்கும் விதி. எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி வழக்கில் முன்நின்றார். 1975-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் பிராந்தியத்தின் ஏழைகளுக்கு வேண்டிய வீடுகளில் நியாயமான பங்கை ஏற்றே ஆக வேண்டும் என்றது. ஏழை என்பவர் அடுத்த ஊரின் பொறுப்பு என்று தள்ளிவிட முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்தும் முதல் வீடுகளில் குடியேற 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. எத்தல் லாரன்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளுக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்தபோது நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சமேலி சிங் வழக்கு. 1995 டிசம்பரில் வந்த தீர்ப்பு அந்த நில எடுப்பைச் சரி என்றதோடு, உறைவிடம் வாழும் உரிமையின் பகுதி என்றது. உறைவிடம் என்பதற்குள் போதிய இடம், வெளிச்சம், நல்ல காற்று, தண்ணீர், மின்சாரம், சுகாதாரம், அன்றாட வேலைக்குப் போய்வரச் சாலை எல்லாம் அடக்கம் என்றும் சொன்னது. டீக்கடைக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய பதில் இது. கோட்டூர் மலைக்கு அது எட்டவில்லை என்றால் தீர்ப்பிலா குறை?

பென்னாகரம் தாலுகா பாப்பாரப்பட்டியில் பாரத மாதா நினைவாலயம் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் ஆசை அது. தொழுநோயாளி என்று ரயிலில் ஏறவிடாமல் தடுக்கப்பட்டவர். நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1925-இல் இந்தப் பாப்பாரப்பட்டியில் இறந்தவர். 2022 ஆகஸ்டில் பாரத மாதாவுக்கு மாலை போடுவதற்காகச் சிலர் அந்த நினைவாலயத்தின் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். கைது, வழக்கு, தொலைக்காட்சி விவாதம் என்று சில நாள் ஊர் அமளிப்பட்டது. தாய்க்கு மாலை போட அவ்வளவு துடிப்பு. அதே தாலுகாவில் கதவில்லாத வீட்டில் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்காக எந்த ஆபீஸ் வாசலிலாவது அந்தத் துடிப்பில் கால்வாசி தெரிந்ததா? நோயாளியை வண்டியில் ஏற்றாத உலகத்தைப் பார்த்த சிவா, இன்று இருந்தால் எந்தப் பூட்டை முதலில் உடைக்கச் சொல்லியிருப்பார்?

பணம் எங்கே என்பீர்கள். கழுதைக்குக் கிடைத்தது, பலகைக்குக் கிடைத்தது. இலவசமாகக் கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறோம் என்பீர்கள். பெங்களூரின் பத்தாவது மாடியில் சாரத்தில் நிற்பவரைப் பார்த்தா? கோயிலுக்கு நன்கொடை கொடுத்தால் புண்ணியம் என்கிறோம். ஏழைக்கு வீடு கொடுத்தாலும் புண்ணியம் என்கிறோம். புண்ணியமாகக் கொடுத்தால் கொடுத்தவன் நினைத்த இடத்தில், நினைத்த அளவில் கொடுப்பான். வாங்குகிறவன் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்பது உரிமை என்றால் ரோடு எங்கே என்று கேட்கலாம். அந்தக் கேள்விதான் நமக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் பொறியாளராகவோ கலெக்டராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்க வேண்டும். பயனாளிப் பட்டியல் அங்கே வைக்கப்பட வேண்டும். நடுவில் எழுந்து போகாமல் உட்காருங்கள். பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மனை எங்கே, அங்கே தண்ணீர் எப்போது, பஸ் எந்த வழி, அங்கன்வாடி எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு பெயருக்கும் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்குள் அரசு நிலம் இருந்தால் சர்வே எண்ணைச் சொல்லி, அதை ஏன் கொடுக்கக் கூடாது என்று கேளுங்கள். அது உங்கள் வீட்டுக்கு அடுத்த நிலமாக இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பட்டியலில் யார் யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.